ரிப்பனின் இடது காது

சர்க்கரை ரிப்பனின் இடது காது என் வெர்னியர் காலிப்பரின் பிடியில் ‘டிக்’ என்று உடைந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பழியை வேறு ஆள் மேல் போடவும் வழியில்லை.

கேக் மேல் வைக்க இரண்டு காதோடு சர்க்கரையில் முடிந்த ரிப்பன், சாப்பாட்டு மேசைமேல் அது பாட்டுக்குத்தான் இருந்தது. “தொடாதீங்க” என்று என் மனைவி ரோஹிணி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அளக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளனாக இருக்கிறவன் நான். ஒரே அளவில் இருக்கவேண்டிய இரண்டு பொருட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் இட்லிகளை அளந்திருக்கிறேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் இட்லி இல்லை.

இடது காது வலது காதைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிது. எங்கள் தொழிற்சாலையில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவோம். அடியில் மயிரிழை போல ஒரு கோடு வேறு தெரிந்தது. கையால் செய்த சாமான், அப்படித்தான் இருக்கும் என்று பெருந்தன்மையாக விட்டேன். ஆனால் இரண்டு மில்லிமீட்டரை விட மனசு வரவில்லை. லேசாக அமுக்கினால் சரியாகிவிடும் என்று அமுக்கினேன்.

டிக்.

விஷயம் வெறும் சர்க்கரை அல்ல. கோயமுத்தூரில் ரோஹிணி பள்ளிக்கூடத்து டீச்சர். கடைவீதிக்குப் போனால் நாலு பேராவது “ரோஹிணி மிஸ்!” என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இங்கே சிஞ்ச்வட்டுக்குப் பக்கத்தில் நிக்டிக்கு வந்தபிறகு பால்காரரிலிருந்து சொசைட்டி செயலாளர்வரை எல்லோருக்கும் அவள் ‘ஹரி சாப் கி மிசஸ்’. பெயர் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்டதில்லை. போன வருஷம் பூனா கேம்ப் பக்கம் ஒரு வகுப்பில் சேர்ந்து கேக் அலங்காரம் கற்றுக்கொண்டாள். இப்போது முதல் ஆர்டர். ப்ளே ஸ்கூல் நடத்தும் அமலா டீச்சர், ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பெட்டி மாதிரி ஒரு கேக் கேட்டிருந்தார். மேலே பெரிய ரோஸ் ரிப்பன். கேக்குக்குப் பக்கத்தில் ‘ரோஹிணி செய்தது’ என்று ஓர் அட்டை வைப்பதாகவும், பிடித்திருந்தால் மாதாமாதம் குழந்தைகள் பிறந்தநாளுக்கு அவளிடமே வாங்குவதாகவும் சொல்லியிருந்தார். அந்த அட்டையை எழுதுவதற்கு மட்டும் ரோஹிணி மூன்று அட்டைகளைப் பாழாக்கியிருந்தாள்.

அன்று வியாழக்கிழமை. சிஞ்ச்வட் தொழிற்சாலைகளுக்கு அதுதான் ஞாயிறு. விழா சாயங்காலம் ஆறு மணிக்கு. கேக் பெட்டி வாங்க லோகல் ட்ரெயின் பிடித்து டவுனுக்குப் போயிருந்த ரோஹிணி, நாலு மணிக்குத் திரும்புவாள். வெளியே ஜூலை மழை. என் கையில் ஒரு காது.

இந்த ரிப்பன் சமாச்சாரத்தில் எனக்கும் கொஞ்சம் கேள்வி ஞானம் உண்டு. சர்க்கரைத் தூளைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, தேய்த்து, பட்டையாக வெட்டி, காது காதாக வளைத்துக் காயவைத்தால் பீங்கான் மாதிரி இறுகிவிடும். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், தண்ணீர் போதும். இது ரோஹிணி போனில் தன் அக்காவிடம் சொல்லி நான் கேட்டது. எவ்வளவு தண்ணீர் என்று அவள் அக்காவும் கேட்கவில்லை.

ஒரு ஸ்பூன் விட்டேன்.

காது ஒட்டிக்கொண்டது. ஆகா என்று நான் நாற்காலியில் சாய்வதற்குள், ஒட்டிய இடம் பாகாகி, காது மெல்லத் தலையைத் தொங்கப் போட்டது. ஈரத்தைப் போக்க ஹேர் டிரையரைக் கொண்டுவந்தேன். சூடு பட்டதும் நன்றாக இருந்த வலது காதும் தொங்கியது. இப்போது இரண்டும் ஒரே அளவு. ஆனால் மழையில் நனைந்த நாய்க்குட்டியின் காதுகளைக் கேக் மேல் வைக்க முடியாது.

தங்கராஜுக்குப் போன் செய்தேன். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பிரம்மச்சாரி. எங்கள் டூல் ரூமில் வேலை. திருநெல்வேலிக்காரன். எதையும் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறவன். எங்கள் வீட்டு மிக்ஸி இன்று இல்லாமல் போனதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

குடையும் டூல் பையுமாக வந்தான். ரிப்பனைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

“என்ன வே இது? செத்த பல்லியா?”

“ரிப்பன்யா.”

“யாரு அடிச்சா?”

“நான்தான். அளந்தேன்.”

“அளந்தேரா! அளந்ததுக்கே இப்படின்னா, நல்லவேளை, எடை போடலை நீரு.” டூல் பையைத் திறந்தான். “இது ஸ்கிராப் வே. புதுசா ஒண்ணு போட்டுருவோம். மாவு இருக்கா?”

மீந்த வெள்ளை மாவு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. பாதியை எடுத்துச் சப்பாத்திப் பலகையில் வைத்துத் தேய்த்தோம். உருட்டுக் கட்டையோடு சுற்றிக்கொண்டு வந்தது.

“அடியில ஏதாச்சும் பொடி தூவணும் வே. எங்கம்மை சப்பாத்திக்குத் தூவுவா.”

“ரோஹிணி கார்ன் ஃப்ளவர் தூவுவா. பார்த்திருக்கேன்.” அடுப்பு மேடையில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். வெள்ளை வெளேரென்று மிருதுவான பொடி. தாராளமாகத் தூவினேன். மாவு பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

தங்கராஜ் மூக்கை உறிஞ்சினான். “வே, இந்தக் கேக்குல முருகன் கோயில் வாசனை வருதே.”

பாட்டிலை முகர்ந்தேன். பழனிக்குப் போய்வந்த என் மாமியார் கொடுத்தனுப்பிய ஒரு கிலோ விபூதி.

“பரவாயில்லை வே, வயித்துக்கு நல்லதுதான்.”

“குழந்தைங்க சாப்பிடறதுய்யா!”

“அப்ப நெத்தியில பூசச் சொல்லுவோம்.”

அந்தப் பாதியைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. சுவாமி சமாச்சாரம். துளசித் தொட்டியில் போட்டேன். மழையில் கரைந்து துளசிக்கும் பட்டை போட்டது.

கார்ன் ஃப்ளவர் வாங்க மாடிக்கு ஓடினேன். மூன்றாவது மாடியில் கோகலே காகு. காகு என்றால் மராத்தியில் சித்தி. ரோஹிணிக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சிநேகிதி. வாசல் கதவிலேயே, ‘பெல்லை ஒருமுறை அடிக்கவும். நாங்கள் செவிடர்கள் அல்ல’ என்று மராத்தியில் ஒரு பலகை இருக்கும். அசல் பூனாக்காரர். மனசில் பட்டதை அந்த நிமிஷமே சொல்லிவிடுவார். நான் முதன்முதலாக அவரிடம் பேசியபோது, “உன் ஹிந்தியைவிட உன் மௌனம் நன்றாக இருக்கிறது” என்றவர்.

அன்றைக்குக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். தலையெல்லாம் விபூதி, விரலெல்லாம் ரோஸ்.

“காகு, தோடா கார்ன் ஃப்ளவர்...”

எதற்கு என்று கேட்கவில்லை. தலையில் என்ன என்று கேட்கவில்லை. என் ஹிந்தியைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கீழே வந்தால் தங்கராஜ் அதற்குள் வண்ணம் கலந்திருந்தான். ரோஹிணியின் ரோஸ் கலர் பாட்டிலில் ஒரு சொட்டுத்தான் விட வேண்டும். இவன் தட்டிப் பார்த்திருக்கிறான். வரவில்லை என்று பலமாகத் தட்டியிருக்கிறான்.

மாவு மிளகாய்ப்பழ நிறத்தில் இருந்தது.

“ரோஸ் கேட்டாங்கய்யா. இதைப் பார்த்தா ட்ரெயின் நின்னுடும்.”

“காயக் காய வெளுத்துரும் வே. நான் சொல்லுதேன்லா.”

காயக் காய அது கறுத்தது. என்றாலும் வேறு மாவு கிடையாது. பட்டையாக வெட்டினோம். காதாக வளைத்தால் நிற்காமல் படுத்துக்கொண்டது. தங்கராஜ் டூல் பையிலிருந்து இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை எடுத்தான். “இதுமேல சுத்தும். அச்சு மாதிரி இருக்கும். ரெண்டு காதும் ஒரே சைஸு.”

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

சுற்றினோம். ஒரே சைஸ்தான். ஆனால் குழாயை விட்டுக் கழலவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு உருவியதில் ஒரு காது முழுசாக வந்தது, இன்னொன்று அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக வந்தது. மறுபடி பிசைந்து, மறுபடி சுற்றி, மறுபடி உருவி... கடைசியில் இரண்டும் வந்தன. உள்ளே முட்டுக்கொடுக்க ரோஹிணி பஞ்சு வைப்பாள் என்று ஞாபகம் வந்தது. பூஜை அலமாரியில் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைத் திணித்தோம். டேபிள் விளக்கைக் குனியவைத்து அடியில் காயப் போட்டோம்.

காய்ந்தபின் பஞ்சை எடுத்தால், பாதிப் பஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. காதுக்குள் முடி முளைத்த மாதிரி.

“வயசான ரிப்பன் வே” என்றான் தங்கராஜ்.

மீசையில் நரைமுடி பிடுங்கும் சாமணத்தை வெந்நீரில் கழுவி, டார்ச் அடித்து, ஒவ்வொரு இழையாகப் பிடுங்கினோம். காது வைத்தியரிடம்கூட நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

மூன்றே முக்காலுக்கு ரிப்பன் தயார். வெர்னியரை வைத்தேன். இரண்டு காதும் ஒரே அளவு. எந்த லாரியும் திரும்பிப் போக வேண்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எப்படிய்யா இருக்கு? நிஜத்தைச் சொல்லு.”

தங்கராஜ் தள்ளி நின்று பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். “ஒரு தடவை பாத்தா மறக்காது வே” என்றான்.

பழைய ரிப்பனைத் தடயமில்லாமல் ஒழிக்க வேண்டியிருந்தது. ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். தங்கராஜ் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “எனக்குத் தலை கிறுகிறுங்குது” என்று கிளம்பிப் போனான். அவன் படி இறங்கும்போதே ரோஹிணி நனைந்த குடையுடன் ஏறி வந்தாள்.

“தங்கராஜ் அண்ணன் எங்க இந்தப் பக்கமுங்க?”

“சும்மா. மழை எப்படின்னு கேட்க வந்தான்.”

“அவுங்க வீட்டுல பெய்யலைங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் மேசைப் பக்கம் போய்விட்டாள். ரிப்பனைப் பார்த்தாள். காலையில் அவள் விட்டுப்போனது மெல்லிய ரோஸ். காற்றில் பறக்கிற மாதிரி இருக்கும். இப்போது இருந்தது ரத்தச் சிவப்பு. டிராக்டரில் மாட்டினால் இரண்டு போகம் உழும்.

நான் வெர்னியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“ம்” என்றாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். ‘டொக்’ என்றது. “நல்லாக் காஞ்சுருச்சுங்க.”

அவ்வளவுதான். கோயமுத்தூர்க்காரர்களிடம் இதுதான் கஷ்டம். திட்டினாலும் ‘ங்க’ போடுவார்கள், பாராட்டினாலும் ‘ங்க’ போடுவார்கள். எது எதுவென்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? இந்த நிறத்தைப் பார்த்தும் தெரியாமல் இருக்குமா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை?

“ரோஹிணி, ஒரு விஷயம்...”

“அந்தக் கத்தியை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன்.

“இல்லை, அந்த ரிப்பன்...”

“பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க. ஆடாம பிடிங்க.”

பிடித்தேன். கேக்கின் உச்சியில் அவள் ரிப்பனை வைத்தாள். வெளிர் ரோஸ் பெட்டிமேல் தீயணைப்பு வண்டி ஏறி நின்ற மாதிரி இருந்தது. அவள் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

“ரோஹிணி, நான் உன்கிட்ட...”

“ஆட்டோ வந்துருச்சுங்க. சட்டையை மாத்துங்க, முதுகெல்லாம் விபூதி.”

முதுகுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை.

ப்ளே ஸ்கூல் கூடத்தில் அறுபது குழந்தைகளும் அவர்களைவிடச் சத்தமான பெற்றோர்களும். பலூன்களுக்கு நடுவில் மேசைமேல் கேக். பக்கத்தில் அட்டை. அமலா டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“எப்படி இருக்குங்க மேடம்?” என்றேன்.

“ரொம்ப வித்தியாசமா இருக்கு சார்” என்றார்.

வித்தியாசம் என்றால் என்ன? எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

கேக் வெட்டும் நேரம். முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு, அம்மா கையை உதறிவிட்டு ஓடிவந்து ரிப்பனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. ‘ஐயோ’ என்று கூடமே எழுந்தது. ரோஹிணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரிப்பன் முழுசாகப் பெயர்ந்து வந்து, தரையில் விழுந்து, ஒருமுறை குதித்து, நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

உடையவில்லை.

பொடிசு அதை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்துப் பார்த்தது. அப்போதும் உடையவில்லை. அப்புறம் அறுபது குழந்தைகளும் கை தட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் என்று வரிசை கட்டியது.

அமலா டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் அனுபவத்துல பசங்க கையில ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்கின முதல் சாமான் இதுதான்!” என்றவர், மைக்கை எடுத்து, “இந்தக் கேக்கைச் செஞ்சவங்க ரோஹிணி. எல்லாரும் ‘தேங்க் யூ ரோஹிணி ஆன்ட்டி’ சொல்லுங்க!” என்றார்.

சொன்னார்கள். ஓடு பறக்கிற மாதிரி சொன்னார்கள். ரோஹிணி சிவந்துபோய் நின்றாள். கோயமுத்தூர் கடைவீதியில் பார்த்த முகம் அது. நான் எதிர்ப்பக்கச் சுவரில் இருந்த ஆனைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

நாலைந்து அம்மாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “ரோஹிணி ஜி, அடுத்த மாசம் என் பெண்ணுக்கு! இதே ரிப்பன்தான் வேணும், உடையாத ரிப்பன்!”

எனக்குப் பகீர் என்றது. அவளுக்குத்தான் இந்த ரிப்பன் செய்யத் தெரியாதே! பிவிசி குழாயும் தேங்காய் எண்ணெயும் அவளுக்கு எப்படித் தெரியும்? என் திருட்டுத்தனத்தால் அவள் பெயர் இப்போது தங்கராஜின் டூல் பையில் மாட்டிக்கொண்டிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே தெரியுமா என்று தெரியாமல் எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூடத்தின் மூலையில் கோகலே காகு காகிதத் தட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோஹிணி அழைத்திருந்தாள். இந்த ஊரில் எனக்கு நேர்ப்பதில் சொல்லக்கூடிய ஒரே ஜீவன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கேக் எப்படி காகு?”

“கேக் நன்றாக இருக்கிறது. ரிப்பன் அசிங்கமாக இருக்கிறது.”

அப்பாடா என்றிருந்தது. காலையிலிருந்து காதில் விழுந்த முதல் உண்மை. அந்தத் தைரியத்தில் குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிந்த ஹிந்தியையெல்லாம் திரட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெர்னியர், தண்ணீர், ஹேர் டிரையர், விபூதி, பஞ்சு. “நீங்களே சொல்லுங்க காகு. அவளோட ரிப்பனை நான் உடைச்சது ரோஹிணிக்குத் தெரியுமா, தெரியாதா?”

காகு ஸ்பூனை நக்கிவிட்டுத் தட்டில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பேசியது மராத்தி கலந்த ஹிந்தி; சூடு ஆறாமல் தமிழில் தருகிறேன்.

“நீ எங்கேடா உடைச்சே? காலையிலேயே ரோஹிணி அதை என்கிட்டே காட்டறேன்னு எடுத்துட்டு வந்து, என் வீட்டு வாசல்லயே கை தவறிக் கீழே போட்டு அந்தக் காதை உடைச்சுட்டா. ‘இன்னொண்ணு பண்ணிடு’ன்னேன். ‘நேரமில்லை காகு, தண்ணி தொட்டு ஒட்டி அவர் கண்ணுல படற மாதிரி வச்சுட்டு டவுனுக்குப் போறேன். புதுசு பண்ணச் சொன்னா, ‘எனக்கு வராது’ம்பார்; தான்தான் உடைச்சோம்னு நினைச்சுட்டா, சாயங்காலத்துக்குள்ளே புதுசு பண்ண எல்லாம் வந்துடும்’னு சொல்லிட்டுத்தான் அவ ட்ரெயினுக்கே போனா.”